நெறிமுறை, ஏழாம் பதிப்பு

டார்ட்டுவில் பிப்ரவரி.
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் நால்வர், ஆறிப்போன காப்பி,
ஒரு கேள்வி:
தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்கள்
இரவில் கொஞ்சம் தூங்கினால்
பகலில் பிதற்றுவது குறையுமா?

கேள்வி ஒரு வரிதான்.
அதற்குச் சட்டை தைக்க ஐந்து மாதம்.

'கொஞ்சம்' என்றால் எத்தனை நிமிடம் என்றார் ரைவோ,
புள்ளியியல்காரர், பென்சிலைக் காதில் செருகியபடி.
'பிதற்றல்' என்று யார் சொல்வது, எந்த அளவுகோலில்,
எத்தனை மணிக்கு?
'இரவு' என்ற சொல்லுக்கே ஒரு பிற்பகல் போனது.
இங்கே டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்,
ஜூனில் பதினொன்றுக்கும் ஜன்னல் வெளுத்திருக்கும்.
கடைசியில் எழுதினோம்:
இரவு என்பது பத்து முதல் ஆறு வரை.
சூரியனிடம் கையெழுத்து வாங்கவில்லை.

பாதிப் பேருக்குக் காதடைப்பானும் கண்பட்டையும்.
பாதிப் பேருக்கு வழக்கம்போல்.
யாருக்கு எது என்று உறைக்குள் சீட்டு சொல்லும்;
கறுப்புத் தாள் வைத்து ஒட்டிய உறை,
விளக்கில் பிடித்தாலும் தெரியாது.
மாத்திரை என்றால் மாவில் ஒன்று உருட்டி
ஒப்புக்குக் கொடுக்கலாம்.
அமைதிக்குப் போலி
எந்தக் கடையில் கிடைக்கும்?

சேர்க்கக் கூடாதவர்கள் பட்டியல் நீண்டது.
காது மந்தமானவர், முன்பே மறதி உள்ளவர்,
குடித்துக் கைநடுங்கி வந்தவர்,
எஸ்தோனியமோ ரஷ்யனோ தெரியாதவர்.
நீக்க நீக்க, தாளில் மிஞ்சிய மனிதர்
யாருக்கும் அப்பாவாக இல்லை.
'இடையில் விடுபடுவோர்: பத்து விழுக்காடு.'
இறப்பவர்களும் அதற்குள் அடக்கம்.

வார்டில் ஒலிமானி வைத்தோம், பதினான்கு இரவுகள்.
இரண்டு பத்துக்கு ஒரு முகடு.
நாலு நாற்பதுக்கு இன்னொன்று.
தினமும், பிசகாமல்.
ரைவோவுக்கு அந்த முகடுகள் மிகவும் பிடித்தன.
இவ்வளவு சத்தத்துக்கு எதிராகக் காதை அடைத்தால்
வித்தியாசம் பளிச்சென்று தெரியும்,
நூற்று இருபத்தாறு பேர் போதும் என்றார்.

வரைபடத்தைக் காட்ட ஹெல்வேயை அழைத்தோம்.
பத்தொன்பது வருடமாக இரவுப் பணி.
முகட்டின் மேல் விரல் வைத்தாள்.
"இது என் மருந்து வண்டி. இடது முன்சக்கரம்."
வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் இரவு முகடு இல்லை.
வீட்டிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவந்திருக்கிறாள்.
இரண்டு சொட்டு.

ரைவோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.
வித்தியாசம் சுருங்கிவிட்டது. இனி நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று வருடம். பணம் ஒன்றரை வருடத்துக்குத்தான்.
"ஆய்வு முடியும்வரை அவள்..." என்று தொடங்கிய
பேராசிரியர் மால்லே முடிக்கவில்லை.
கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான்
முடித்தேன். பிறகு அடித்தேன்.
அடித்தும் படிக்க முடிந்தது.

அறநெறிக் குழுவின் படிவம், பதினான்காம் கேள்வி:
ஒப்பீட்டுக் குழுவினருக்கு மறுக்கப்படுவது எது?
ஆறாம் பதிப்பில்
'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தோம்.
நான்தான் தட்டச்சு செய்தேன்,
வண்டி கீச்சிடும் வார்டுக்கு
இரண்டு தளம் மேலே உட்கார்ந்து.

ஏழாம் பதிப்பில் புதிதாக ஒரு வரி:
வழக்கமான பராமரிப்பு, சக்கரங்களுக்கு எண்ணெய் உட்பட.
பார்னு மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளக் கடிதம்.
பணத்துக்கு இன்னொரு கடிதம்.
மால்லே கையெழுத்திட்டார், பேனா உறைந்ததுபோல் மெதுவாக.

கீழே ஐந்தாம் படுக்கையில் வெல்லோ,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
எந்தக் குழுவிலும் இல்லாதவர்,
ஆறு மணிவரை அசையாமல் தூங்கினார்.
எழுந்ததும் ஹெல்வே வழக்கம்போல் கேட்டாள்:
இன்று என்ன கிழமை?
வியாழன், என்றார் உறுதியாக.
அன்று புதன்.

ஒருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்றார் ரைவோ,
கோட்டை மாட்டியபடி,
நானூற்றுப் பதினொரு பேர் பாக்கி என்பதுபோல.